கொல்லைப்புற ஊஞ்சல்: பெட்டியில் வராதவை

அமெரிக்காவில் ஹார்டுவேர் கடைகளில் ஊஞ்சல் கிட் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இரும்புதான். கால்களையும் உத்தரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கிகள், கொக்கிகள், சங்கிலி, இருக்கை, ஒரு பை நிறையத் திருகுகள். மரம் நாம்தான் வாங்க வேண்டும். இடமும் தரையும் நம் பொறுப்பு. வட கரோலினாவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்படி ஒன்று கட்டினோம். தஞ்சாவூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அப்பாதான் மேஸ்திரி. பெட்டியோடு வரும் தாளில் இல்லாமல் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. பெட்டி வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். கால்களுக்கு 8 அடி மரம் போட்டால், சாய்வு போக உத்தரம் ஏறக்குறைய ஏழரை அடி உயரத்தில் நிற்கும். ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் அதே தூரம் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. அதாவது முன்னால் 15 அடி, பின்னால் 15 அடி. பக்கவாட்டில் இருபுறமும் 6 அடி. 12 அடி உத்தரம் என்றால் மொத்தம் 30க்கு 24 அடி. வேலி, மரம், சிமென்ட் நடைபாதை எதுவும் அதற்குள் வரக்கூடாது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. குடியிருப்புச் சங்கம் உள்ள பகுதி என்றால் அனுமதியையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

2. குழி தோண்டுவதற்குச் சில வேலை நாட்கள் முன்னதாக 811 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண், கட்டணம் கிடையாது. கேஸ் குழாய், மின்கம்பி, கேபிள் போகும் தடத்தை வந்து தரையில் வண்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள்.

3. மரக்கடையில் 'நாலுக்கு நாலு' என்று கேட்டால் கிடைப்பது மூன்றரை அங்குலச் சதுரம். 'நாலுக்கு ஆறு' என்பது மூன்றரைக்கு ஐந்தரை. உலர்ந்து இழைத்த பிறகு நிற்கும் அளவு அது. தாங்கியின் வாயும் அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். ஊர் நினைப்பில் முழு நாலு அங்குலம் என்று கணக்குப் போட்டு வேறெங்கோ அறுத்து வாங்கினால் தாங்கிக்குள் நுழையாது.

4. உத்தரத்துக்கு மட்டும் நேரம் எடுத்துத் தேடுங்கள். கடையில் அடுக்கின் மேலே இருப்பதை அப்படியே தூக்கி வந்துவிடாதீர்கள். அப்பா ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, நுனியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். முறுக்கிக்கொண்டிருந்ததை ஒதுக்கினார். பிறகு வெட்டுமுகத்தைப் பார்த்தார். ஆண்டு வளையங்களின் நடுப்புள்ளி முகத்துக்குள்ளேயே தெரிந்தால் அந்த மரம் காயக் காய வெடிக்கும், திருகிக்கொள்ளும். வளையங்கள் வில் மாதிரி ஒரு பக்கமாக ஓடினால் மையம் இந்தத் துண்டுக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதை எடுங்கள். நடுப்பகுதியில், அடி விளிம்பில் பெரிய கணு இருந்தால் வேண்டாம். பளு ஏறும்போது அந்த விளிம்புதான் இழுபடும். லேசான வளைவு எல்லா மரத்திலும் இருக்கும். வளைவின் முதுகு மேலே வரும்படி ஏற்றுங்கள்.

5. உத்தரத்தைப் படுக்கப் போடாதீர்கள். ஐந்தரை அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதே மரத்தைப் படுக்கவைத்தால் வளையாமல் நிற்கும் பலம் இரண்டரை மடங்கு குறைந்துவிடும்.

6. பக்கத்து வீட்டில் பழைய மேடையைப் பிரித்தார்கள், மரம் சும்மா கிடைத்தது என்று ஊஞ்சலுக்கு எடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டு முடியும் வரை வீட்டுக் கட்டுமான மரத்துக்கு ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றினார்கள். அதன்பின் அது நிறுத்தப்பட்டு, செம்பு கலந்த மருந்துகள் வந்தன. வயது தெரியாத மரத்தைப் பிள்ளைகள் கைபடும் இடத்தில் வைக்க வேண்டாம். மருந்தே வேண்டாம் என்றால் சீடர் மரம் இருக்கிறது. விலை கூடுதல், ஆனால் தொட இதமாக இருக்கும். மருந்து ஏற்றிய மரத்தை அறுக்கும்போது முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். மிஞ்சிய துண்டுகளை அடுப்பிலோ குளிர்கால நெருப்பிலோ போடவே கூடாது.

7. புது மருந்தில் இருக்கும் செம்பு சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். கிட்டில் ஒரு திருகு குறைந்தால் வீட்டு டப்பாவில் கிடப்பதைப் போட்டுச் சமாளிக்காதீர்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த திருகோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்கிப் போடுங்கள்.

8. பெரிய திருகு எதையும் நேராக மரத்தில் ஏற்றாதீர்கள். முதலில் சிறு துளை. 3/8 அங்குலத் திருகுக்கு 1/4 அங்குல ட்ரில் பிட் போதும். மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊரில் தச்சர்கள் மெழுகு தேய்ப்பார்கள். இறுக்கும்போது வாஷர் மரத்தில் லேசாகப் பதிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே மர நார் அறுந்து, திருகு சும்மா சுற்ற ஆரம்பிக்கும்.

9. ஊஞ்சல் கொக்கியை மட்டும் திருகை நம்பித் தொங்கவிடாதீர்கள். உத்தரத்தின் மேலிருந்து கீழ்வரை முழுக்கத் துளைத்து, போல்ட் விட்டு, மேலே பெரிய வாஷர் வைத்து நட்டுப் போடும் கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள். திருகில் பளு முழுவதும் மரையைப் பிடுங்கப் பார்க்கும். போல்ட்டில் அந்தப் பளுவை உத்தரத்தின் முதுகு வாங்கிக்கொள்ளும். அந்தப் பளு எவ்வளவு தெரியுமா? 60 கிலோ ஆள் அசையாமல் உட்கார்ந்தால் 60 கிலோதான். அவரே செங்குத்திலிருந்து 60 டிகிரி எழும்பி வீசி ஆடினால், கீழே வந்து கடக்கும் அந்த நொடியில் சங்கிலிகள் 120 கிலோவைத் தாங்குகின்றன. பிள்ளைகளுக்குத்தானே என்று கட்டினாலும் தீபாவளிக்கு வரும் சித்தப்பா ஒருமுறை ஆடிப் பார்க்காமல் போகமாட்டார்.

10. ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலுக்கும் ஊஞ்சலுக்கும் 30 அங்குலம், ஊஞ்சலுக்கும் ஊஞ்சலுக்கும் 24 அங்குலம் இடைவெளி விட்டால், 18 அங்குல இருக்கைகள் இரண்டுக்கு 10 அடி ஆகிவிடும். மூன்று தொங்கவிட வேண்டுமானால் பதின்மூன்றரை அடி கேட்கும். 12 அடி உத்தரத்தில் மூன்றைத் திணித்தால் தலையும் முழங்காலும் மோதும். ஒரே ஊஞ்சலின் இரு கொக்கிகளும் இருக்கையைவிட அகலமாக, குறைந்தது 20 அங்குலம் தள்ளி இருந்தால்தான் ஊஞ்சல் பக்கவாட்டில் அலையாது.

11. கால் ஜோடி இரண்டையும் தரையில் படுக்கவைத்தே பூட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் சாய்வு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். நிறுத்திய பிறகு நான் ரசமட்டத்தை உத்தரத்தில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறது, முடிந்தது என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு நூலை எடுத்து, இந்தக் கோடி முன்காலிலிருந்து அந்தக் கோடி பின்காலுக்கு மூலைவாட்டில் இழுத்து முடிச்சுப் போட்டார். அதே நூலை மற்ற மூலைக்குக் கொண்டுபோனார். இரண்டு அங்குலம் எட்டவில்லை. "மட்டமா இருக்கும்மா, மூலைதான் சேரலை" என்றார். ஒரு காலை நகர்த்தி இரண்டு மூலையும் ஒன்றாகும்வரை விடவில்லை. அப்படி மூலை சேராமல் நின்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும், போல்ட் தளரும்.

12. உத்தரம் ஏற்றுவதற்குப் பெரியவர்கள் குறைந்தது மூன்று பேர், ஏணி இரண்டு. மருந்தின் ஈரம் காயாத 12 அடி மரம் 70, 80 பவுண்டு கனக்கும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு ஏற்றுங்கள்.

13. நாலு காலையும் தரையோடு பிணைக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். தரையில் முறுக்கி இறக்கும் நங்கூரக் கம்பியோ, குழிக்குள் கான்கிரீட்டோ எதுவானாலும் சரி. அதன் தலை மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கான்கிரீட் போட்டால் கெட்டிப்பட இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிள்ளைகள் நச்சரிப்பார்கள்தான்.

14. இனிமேல் சொல்வதுதான் இதை எழுதவே காரணம். முதல் வருஷம் நாங்கள் மரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. கீழே புல்தரை இருந்தது, போதும் என்று விட்டுவிட்டோம். எங்கள் பக்கம் செம்மண் களி. ஜூலை வெயிலில் புல்லுக்கு அடியில் செங்கல் மாதிரி இறுகிப்போயிருந்தது. மகள் உச்சத்தில் பிடி நழுவி விழுந்தாள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. ஊஞ்சல் ஆடாமல் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கவே எனக்கு ஆகவில்லை.

புல்லும் வெறும் மண்ணும் விழும் குழந்தையைத் தாங்காது. மரச்சில்லு பரப்ப வேண்டும், எந்நேரமும் 9 அங்குல ஆழம் இருக்க வேண்டும். மிதிபட்டு அது கால்வாசி அமுங்கும் என்பதால் முதலில் 12 அங்குலம் கொட்டுங்கள். முதல் குறிப்பில் சொன்ன 30க்கு 24 அடி முழுவதற்கும் ஓர் அடி ஆழம் என்றால் 720 கன அடி. கடையில் விற்கும் 2 கன அடிப் பையில் வாங்கினால் 360 பை! மொத்தமாக யார்டு கணக்கில் சொன்னால் சுமார் 27 கன யார்டு, லாரியில் வந்து கொட்டிவிடுவார்கள், விலையும் குறையும். சாயம் போட்ட அலங்காரத் தூள் வேண்டாம், விளையாட்டுத் திடலுக்கு என்றே விற்கும் சில்லைக் கேளுங்கள். சுற்றிலும் விளிம்பு கட்டி, அடியில் தண்ணீர் வடியும் துணியை விரித்துவிட்டுக் கொட்டினால் களியில் கலந்து வீணாகாது. இந்தச் செலவு கிட்டின் விலையைத் தாண்டிவிடும். பட்ஜெட் போடும்போதே இதை முதல் வரியில் எழுதுங்கள். பணம் போதவில்லையா, ஊஞ்சலைத் தள்ளிப்போடுங்கள், தரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

15. கைபடும் உயரம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூலைகளை மழுக்குங்கள். போல்ட் முனை நட்டைத் தாண்டி இரண்டு மரைக்கு மேல் நீட்டினால் அறுத்துவிட்டு மூடி போடுங்கள். சங்கிலியை மாட்டும் எஸ் கொக்கியின் வாயை இடுக்கியால் நெரித்து மூடுங்கள். பத்து சென்ட் காசு நுழையக் கூடாது. நுழைந்தால் சட்டை நூலும் நுழையும்.

16. சைக்கிள் ஹெல்மெட், துப்பட்டா, கழுத்தில் கயிறு வைத்த சட்டை எதுவும் ஊஞ்சலில் வேண்டாம். நவராத்திரிக்குப் பாவாடை தாவணியில் ஓடிவந்து ஏறுவார்கள். தாவணியை இடுப்பில் இறுகச் செருகிவிட்டு ஏற்றுங்கள். ஸ்கிப்பிங் கயிற்றை உத்தரத்தில் கட்டி விளையாட விடாதீர்கள். கழுத்தில் சிக்கினால் கூப்பிடக்கூட முடியாது.

17. ஈர மரம் காயும்போது சுருங்கும், போல்ட் தானாகத் தளரும். கட்டிய மாதத்திலேயே ஒருமுறை ஸ்பேனரோடு சுற்றிவாருங்கள், அதன்பின் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். தாங்கிகளில் துரு, உத்தரத்தில் புது வெடிப்பு, கொக்கி வளையத்தில் தேய்மானம் இவற்றைப் பாருங்கள். வளையம் மெலிந்து தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

18. ஊஞ்சலுக்கு நேர் கீழே கால் தேய்த்துத் தேய்த்து இரண்டே வாரத்தில் பள்ளம் விழும். சில்லு ஓரத்தில் குவிந்துகிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு காலில் 9 அங்குலத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம், பக்கத்தில் ஒரு வாரி சாய்ந்திருக்கும். சனிக்கிழமை காலையில் யார் முதலில் ஏற வேண்டுமோ அவர் பள்ளத்தை வாரி மூடி, சில்லைக் கோடு வரைக்கும் ஏற்ற வேண்டும். கட்டுப் பிரித்த கையோடு அதை முதலில் செய்தது மகள்தான்.