மழையில் நனைந்தால் ஜலதோஷம் வருமா?

அன்புள்ள கயல்விழிக்கு,

மழையில் நனைந்தவருக்கு ஜலதோஷம் பிடிப்பது கண்கூடாக இருக்கையில், வைரஸை மட்டும் காரணமாகக் காட்டுவது எவ்வாறு பொருந்தும் என்ற உனது வினா, நன்கு கற்றவர்களிடமும் இன்றளவும் நிலைத்திருக்கும் ஒரு பிழையான எண்ணத்தைத் தொடுவதால், அதற்கு விரிவான விடை தேவைப்படுகிறது. வைரஸ் என்பது யாது, அது உயிரணுவினுள் எவ்வாறு பெருகுகிறது என்பன பாடநூலில் உள்ளமையால் இங்கு விடப்படுகின்றன.

குளிரே காரணம் என்று கொள்வோர் முதலில் நார்வேக்கு உரிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை நோக்க வேண்டும். வடதுருவத்தை அடுத்த அத்தீவின் லாங்யர்பியன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊருக்கு, கடல் உறைந்த பின் அடுத்த வசந்தம் வரை அக்காலத்தில் எக்கப்பலும் வர இயலாது. 1930-31 குளிர்காலத்தில் அங்குத் தங்கியிருந்த ஏறத்தாழ 500 பேரின் உடல்நிலையைக் கவனித்த பால், ஃப்ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் 1933-இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் எத்தனை முறை படித்தாலும் சலிக்காத ஒன்றாகும். கடைசிக் கப்பல் சென்றபின் ஜலதோஷம் படிப்படியாகக் குறைந்து, சூரியனே எழாத நடுக்குளிர்காலத்தில், உடல் விறைக்கும் கடுங்குளிருக்கு நடுவே, அனேகமாக மறைந்தது. வெயில் திரும்பிக் குளிர் தணிந்த வேளையிலோ, முதற்கப்பல் கரை சேர்ந்த சில நாட்களுக்குள் ஊரெங்கும் மூக்கொழுகலும் தும்மலும் பரவின. ஊரிலிருந்த வைரஸ்கள் தொற்றக்கூடியவர் அனைவரையும் தொற்றி முடித்து, புதிய உடல் கிடைக்காமல் அற்றுப்போயின என்பதும், கப்பலில் வந்த மனிதர்களே அவற்றை மீண்டும் கொணர்ந்தனர் என்பதும் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. ஜலதோஷத்தின் முதன்மைக் காரணியான ரைனோவைரஸ் 1950-களில்தான் கண்டறியப்பட்டது என்பதை எண்ணினால், அக்கட்டுரையின் அருமை மேலும் விளங்கும்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கருகே 1946 முதல் இயங்கிய ஜலதோஷ ஆய்வுப் பிரிவில், ஆண்ட்ரூஸ் என்பவர் தன்னார்வலர்களைக் குளிக்கச் செய்து, ஈரத்தோடு காற்றோட்டமான நடைவழியில் நிறுத்தி, பின்னர் ஈரக் காலுறைகளை அணிந்திருக்கச் செய்தும், குளிரால் மட்டும் எவருக்கும் ஜலதோஷம் வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஈரத்தலையைக் குற்றஞ்சாட்டுவது சோம்பேறித்தனமான சிந்தனை என்றே சொல்ல வேண்டும். 2005-இல் வெளியான கார்டிஃப் நகர ஆய்வொன்றில், குளிர்நீரில் கால் வைக்காதவர்களைவிட வைத்திருந்தவர்களுள் மிகுதியானோர் பின்னர் ஜலதோஷ அறிகுறிகளைக் கூறினர் என்பது உண்மையே. ஆயினும் அங்கு வைரஸ் சோதிக்கப்படவில்லை. முன்னரே உடலில் புகுந்து அடங்கியிருந்த தொற்றினைக் குளிர் வெளிப்படுத்தியிருக்கலாம் என்பதே அவ்வாய்வாளர்கள் தந்த விளக்கம்.

இனி, பரவும் வழி. நோயாளியின் மூக்குநீர் பட்ட கையைத் தொட்டவர், தம் விரலால் கண்ணையோ மூக்கையோ தேய்க்கும்போது வைரஸ் புகுகிறது என்பதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் குவால்ட்னியும் ஹெண்ட்லியும் 1970-களில் காட்டினர். விஸ்கான்சினில் எலியட் டிக் குழுவினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வோ காற்றை முன்னிறுத்தியது. ஜலதோஷம் உள்ளோருடன் 12 மணி நேரம் சீட்டாடியவர்களுள், முகத்தைத் தொட இயலாதவாறு தடுக்கப்பட்ட 18 பேரில் 10 பேருக்கும், தடையற்ற 18 பேரில் 12 பேருக்கும் தொற்று வந்தது. நோயாளிகள் கையாண்டு ஈரமாக்கிய சீட்டுகளை வேறோர் அறையில் வைத்து ஆடிய 12 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. சிறுவர்களின் சளி படிந்த கைகளை இதனால் குற்றமற்றவை என்று விடுவிக்க இயலாதெனினும், வளர்ந்தோரிடையே, மூச்சிலும் தும்மலிலும் வெளிப்பட்டு மிதக்கும் நுண்துளிகளே, அதாவது பலர் நெருங்கியிருக்கும் அறையின் காற்றே, பெருவழி எனக் கொள்வது தகும்.

மழைக்கும் ஜலதோஷத்துக்கும் உள்ள தொடர்பும் இங்கேதான் உள்ளது. மழை பெய்யும்போது சன்னல்கள் அடைக்கப்படுகின்றன. வகுப்பறையிலும் பேருந்திலும் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்க நேர்கிறது. மேலும், வைரஸ் புகுந்ததற்கும் தும்மல் தொடங்குவதற்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழிவதால், நனைந்து ஓரிரு மணி நேரத்திலேயே மூக்கொழுகத் தொடங்கியவர், அந்த வைரஸை மழைக்கு முன்னரே வேறொருவரிடமிருந்து பெற்றவர் ஆவார்.

அன்புடன்.