ஒலியும் காட்டிக்கொடுத்தலும்: ‘ரிஃபிஃபி’ (1955) திரைப்படத்தில் அச்சம் என்னும் மெய்ப்பாடு

முன்னுரை

திரைப்படக் கழகங்களில் ஜூல்ஸ் டாசின் இயக்கிய ‘ரிஃபிஃபி’ திரையிடப்படும்போது, கலந்துரையாடல் பெரும்பாலும் ஒரே காட்சியில் நிலைகொண்டுவிடுகிறது. பாரிஸ் நகைக்கடை ஒன்றில் நால்வர் நிகழ்த்தும் கொள்ளை அது. ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் அக்காட்சியில் உரையாடலும் இல்லை. பின்னணி இசையும் இல்லை. தொழில்நுட்ப அருஞ்செயல் என்ற பாராட்டோடு உரையாடல் முடிந்துவிடும். இக்கட்டுரை எழுதுவோர் கலந்துகொண்ட கூடுகை ஒன்றில் மாணவர் ஒருவர் வேறொரு வினாவை எழுப்பினார்: கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துக் கொல்லப்படும் சேசார் என்னும் பாத்திரத்தை இயக்குநர் தாமே ஏற்று நடித்தது ஏன்? மௌனத்தைப் பற்றிய பாராட்டும் இவ்வினாவும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கள்வரைக் கண்டு அஞ்சுதலும் கள்வரோடு அஞ்சுதலும்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும் அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. இவ்வரையறையில் கள்வர் அச்சம் விளைவிப்போர், அஞ்சுவோர் அல்லர். ‘ரிஃபிஃபி’யின் கொள்ளைக் காட்சி இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. இங்கே அஞ்சுவோர் கள்வரே; அவர்தம் அச்சத்தைப் பார்வையாளரும் தம்முடையதாக ஏற்கின்றனர். கடை உரிமையாளர் பொருட்டு எவரும் அஞ்சுவதில்லை.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. கடையின் அபாய மணி மிகச்சிறு அதிர்வுக்கும் ஒலிக்கக்கூடியது. இதனைக் கொள்ளையர் அதே வகைக் கருவி ஒன்றை வைத்து முன்னரே சோதித்து அறிகின்றனர். தீயணைப்பானின் நுரையைச் செலுத்தி அதன் வாயடைக்கும் வழியையும் கண்டுகொள்கின்றனர். பின்னர் மேல்தளத்து வீட்டிலிருந்து கூரையைத் துளைக்கின்றனர். துளை வழியே குடை ஒன்றை இறக்கி விரித்து, உதிரும் காரைத்துண்டுகள் கீழே விழாதவாறு ஏந்துகின்றனர். அக்குடை படத்தின் மிகச்சிறந்த கண்டுபிடிப்பு எனலாம். மழைக்குப் பிடிக்கும் பொருள் ஒலிக்குப் பிடிக்கப்படுகிறது.

ஆகவே இக்காட்சியின் மௌனம் பாணி சார்ந்த அணியன்று, கதையின் தேவை. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இப்பகுதிக்கும் இசை எழுதியிருந்தார். இசையோடும் இசையின்றியும் படத்தைக் கண்ட பின்னர், இசை வேண்டா என்னும் டாசினின் முடிவை அவரும் ஏற்றார். இசை இருந்திருப்பின் அது பார்வையாளருக்குத் துணையாகியிருக்கும். துணையற்ற நிலையில்தான் மூச்சொலியும் உளியொலியும் பகையாகின்றன. படத்தின் முற்பகுதியில் காட்டிக்கொடுக்கக்கூடியது ஒலி ஒன்றே.

பேச்சு பகையாகும் பிற்பகுதி

கொள்ளை வெற்றி பெறுகிறது. பிற்பகுதியிலோ ஒலியின் இடத்தைப் பேச்சு பிடிக்கிறது. உண்மையில் முதற்பிழை பேச்சாகவும் நிகழ்வதில்லை. சேசார் தனியே எடுத்துவைத்த மோதிரம் ஒன்று இரவு விடுதிப் பாடகி விவியானின் கைக்குச் சேர்கிறது. அதனை விடுதி உரிமையாளன் க்ரூட்டர் கண்டுகொள்கிறான். சொல்லின்றியே செய்தி கசிகிறது. அதன் பின்னரே சேசார் அச்சத்தால் வாய்திறந்து மாரியோவைக் காட்டிக்கொடுக்கிறான். மாரியோவும் அவன் துணைவி இடாவும் தலைவன் டோனியைச் சிக்கவைக்க உடன்படாது அவனை எச்சரித்து உயிரிழக்கின்றனர். பேசியவனும் இறக்கிறான்; உடன்பட மறுத்தோரும் இறக்கின்றனர். அபாய மணியை வாயடைத்ததுபோல் மனிதரை வாயடைக்க நுரை ஏதுமில்லை.

கட்டுண்டு கிடக்கும் சேசார் தான் அஞ்சியதை ஒப்புக்கொள்கிறான். டோனி அவன்மீது கொண்ட அன்பை மறைப்பதில்லை. எனினும் தம்மிடையே உள்ள விதியை நினைவூட்டிச் சுடுகிறான். மெய்ப்பாட்டியல் நோக்கில், கள்வன் இங்கே ‘இறை’யின் இடத்தில் அமர்ந்து ஒறுக்கிறான்.

இயக்குநரின் வாழ்வும் அதன் எல்லையும்

டாசின் 1911இல் அமெரிக்காவில் பிறந்தவர். ‘தி நேக்கட் சிட்டி’ (1948) முதலிய படங்களால் அறியப்பட்டவர். 1951இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு முன்னர், இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் அவரைப் பொதுவுடைமையாளர் எனப் பெயர் சுட்டினார். டிமிட்ரிக் முன்பு அதே குழுவுக்கு விடையளிக்க மறுத்துச் சிறை சென்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. டாசினுக்கு ஹாலிவுட்டின் வாயில் அடைபட்டது. ‘நைட் அண்ட் தி சிட்டி’க்கு (1950) அடுத்து அவர் முடித்த படம் பிரான்சில் எடுத்த ‘ரிஃபிஃபி’யே. ஓகஸ்ட் லெ பிரெத்தோனின் நாவலைத் தழுவிய இப்படம் 1955ஆம் ஆண்டுக் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் பரிசைப் பகிர்வாகப் பெற்றுத்தந்தது.

சேசாரைக் கொல்லும் காட்சியை எடுக்கையில் தம்மைக் கைவிட்ட நண்பர்களை நினைத்ததாக டாசினே பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். இதனைக் கொண்டு அக்காட்சியைப் பழிதீர்ப்பு எனக் கொள்வது எளிது. ஆயின் இரு தடைகள் உண்டு. முதலாவது, அப்பாத்திரம் வேறொரு இத்தாலிய நடிகருக்கு உரியதாயிருந்தது. அவர் வாராமற்போகவே, பெர்லோ விட்டா என்னும் புனைபெயரில் டாசின் ஏற்றார். தற்செயலைத் திட்டமாகக் கருதுதல் ஆய்வு நெறியாகாது. இரண்டாவது தடையே வலியது. பழிதீர்க்க விழைபவர் துப்பாக்கி ஏந்தியவன் பக்கம் நிற்பார். டாசினோ, எவ்வகையில் நேர்ந்திருப்பினும், தூணில் கட்டுண்டவனின் உடலில் இருக்கிறார். அஞ்சியவனின் முகம் அவர் முகம். அம்முகத்தைக் காணும் பார்வையாளர் தீர்ப்பை முழுமனத்துடன் ஏற்க இயலாது.

மேலும், தீர்ப்பளிக்கும் டோனியின் தகுதியைப் படமே தொடக்கத்தில் ஐயத்துக்குள்ளாக்குகிறது. தன்னை விட்டுப் பிரிந்த மாடோவை அவன் வார்ப்பட்டையால் அடிக்கிறான், கேமரா திரும்பிக்கொள்கிறது. அத்தகையவன் காக்கும் விதியை அறமென்று கொள்ள எம்மால் இயலவில்லை. இப்படத்தைக் கள்வரின் மாண்பு பேசும் படம் என்போர் இக்காட்சியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இறுதிப் பகுதியில் பேச்சு மற்றொரு வகையில் தோற்கிறது. கடத்தப்பட்ட சிறுவன் டோனியோவை மீட்ட டோனி, தொலைபேசியில் செய்தி சொல்ல முயல்கிறான். சிறுவனின் தந்தை ஜோ அதற்குள் பணப்பெட்டியோடு க்ரூட்டரிடம் புறப்பட்டுவிட்டான், அங்கே கொல்லப்படுகிறான். சொல் உரிய காலத்தில் சேர்வதில்லை. குண்டடிபட்ட டோனி சிறுவனை ஏற்றிக்கொண்டு பாரிஸ் தெருக்களில் காரைச் செலுத்துகிறான். ஏதுமறியாச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியை நீட்டி விளையாடுகிறான். கார் நின்றதும் தாய் ஓடிவந்து மகனை வாரியெடுத்துச் செல்கிறாள். இறந்த டோனியும் பணப்பெட்டியும் காரிலேயே கிடக்க, கூட்டம் சூழ்கிறது.