இந்த மாதப் பாடம்: வாசல் காற்றும் தாயின் மனசும்



மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு குழுக் கூட்டத்தில், "தாய்மார்கள் தினமும் கொஞ்ச நேரம் வெளியே காற்றாட இருக்க வேண்டும்" என்று பேசினேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டார். "மேடம், விடிஞ்சதுல இருந்து களை பறிக்கிறோம், தண்ணி தூக்குறோம், ஆடு ஓட்டுறோம். நாங்க எப்ப வீட்டுக்குள்ள இருந்தோம்? இதை டவுன்ல போய்ச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் அதே அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "என் மக பிரசவத்துக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. சரியாப் பேச மாட்டேங்குறா. புள்ள அழுதாலும் சும்மா பாத்துக்கிட்டே இருக்கா" என்றார். போய்ப் பார்த்தேன். சின்ன அறை. காற்று பட்டால் ஜன்னி வரும் என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே விறகடுப்புப் புகை. அந்தப் பெண் இரண்டு மாதமாக வாசலைக்கூடத் தாண்டவில்லை.

வேலைக்கு வெளியே, ஓய்வுக்கு வெளியே

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. காட்டு வேலை செய்பவருக்கு உடம்புக்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. ஆனால் கை களை பறிக்கும்போது மனசு கூலியையும் கடன் தவணையையும் கணக்குப் போடுகிறது. அவருக்குத் தேவை இன்னொரு நடை இல்லை. மரத்தடியில் கால் நீட்டி உட்காரும் கால் மணி நேரம்தான் தேவை.

பிள்ளை பெற்றவர், கைக்குழந்தைக்காரர், வீட்டுக்குள்ளேயே பீடி சுற்றுபவர், தையல் தைப்பவர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களுக்கு வெளிச்சம், காற்று, நடை, பேச்சுத்துணை எல்லாமே குறைகிறது.

வெளியே இருந்தால் என்ன நன்மை?

1. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் பகல் எது, இரவு எது என்று உடம்பு சரியாகப் புரிந்துகொள்கிறது. ராத்தூக்கத்துக்கு இது உதவும்.
2. தோலில் வெயில் படும்போது உடம்பு வைட்டமின் டி தயாரிக்கிறது. எலும்புக்கு இது அவசியம்.
3. நடந்தால் மனச்சோர்வு குறையும். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிக்கல் இல்லாத கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவருக்கும் இது பொருந்தும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் சரி.
4. அடுப்புப் புகையிலிருந்து தாயும் பிள்ளையும் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம். வீட்டுக்குள் சூழும் இப்படிப்பட்ட புகையால் 2020-ல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள்.
5. நாலு பேரிடம் பேசலாம். மனசுப் பாரம் பாதி இதிலேயே இறங்கும்.

கவனிக்க வேண்டியவை

பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு வேண்டும் என்று பெரியவங்க சொல்வது சரிதான். ஆனால் ஓய்வு என்றால் இருட்டறை என்று அர்த்தம் இல்லை. திண்ணையில் உட்காருவதும் ஓய்வுதான். ஆபரேஷன் பிரசவம் என்றால் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள். கனம் தூக்க வேண்டாம். உச்சி வெயில் வேண்டாம். பச்சைக் குழந்தையை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நோயாகவும் இருக்கலாம்

பிரசவம் ஆன முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாவிட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற 100 பேரில் சுமார் 20 பேருக்கு மனநலப் பிரச்சனை வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது திமிரும் இல்லை, பேய்க் கோளாறும் இல்லை. காற்றாட இருப்பது உதவும், ஆனால் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். 104 அல்லது 14416 எண்ணுக்குப் போன் செய்யலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்று சொன்னால், தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அக்காவின் மகளையும் செவிலியர் மூலம் டாக்டரிடம் காட்டினோம். சிகிச்சை ஆரம்பித்தது. அதோடு, சாயங்காலம் ஒரு மணி நேரம் சமையலை அக்கா பார்த்துக்கொண்டார். குழு உறுப்பினர்கள் முறை வைத்து அந்தப் பெண்ணை வேப்பமரத்தடிக்கு அழைத்து வந்தார்கள். முதல் வாரம் அவர் வாயே திறக்கவில்லை. போன மாதம் நான் போனபோது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்று அவரே கேட்டார்.

வீட்டு வேலையை யாராவது கையில் வாங்கினால்தான் ஒரு தாய் வெளியே வர முடியும். "நட, நட" என்று புத்தி மட்டும் சொன்னால் அதுவும் அவர் தலையில் ஏறும் ஒரு வேலைதான்.

குழுவில் பேசுங்கள்

- நம் தெருவில் பிரசவமாகி வீட்டுக்குள்ளேயே இருப்பவர் யார்?
- அவரை யார், எந்த நாள் போய்ப் பார்ப்பது?
- அந்த நேரத்தில் அவர் வீட்டு வேலையை யார் பார்ப்பது?

பேசி முடிவு செய்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பேன்.