அங்கீகாரம் கேட்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

கல்முனைக்குடி வீடொன்றின் அலுமாரியில் பல காலம் கிடந்த சீறாப்புராண அச்சுப் பிரதியொன்று செப்பனிடுவதற்காக உன் கைக்கு வந்திருப்பதையும், அதற்கு அரசாங்கத்தின் உத்தியோகபூர்வமான அங்கீகாரம் பெற நீ விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். உன் ஆசை நியாயமானதே. ஆயினும், எந்த அரசாங்கமும் ஒரு நூலுக்கு மகிமையை உண்டாக்கித் தருவதில்லை என்பதையும், பிறர் பிரயாசைப்பட்டுக் காத்து வைத்த மகிமைக்குப் பிற்பாடு வந்து சாட்சிக் கையெழுத்து இடுவதே அதனால் இயலும் என்பதையும் உன் தொழிலில் இறங்குகிறவன் முதலிலேயே உணர்ந்திருத்தல் நலம்.

உமறுப் புலவர் மூன்று காண்டங்களில் 5027 பாக்களாக இயற்றிய அக்காவியம் ஏட்டுச் சுவடிகளில் சிதறிக் கிடந்த காலத்தில், காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதனைப் பரிசோதித்து 1842 இல் அச்சேற்றினாரே, எந்த அரசாங்கத்தின் ஆணை அவரை ஏவியது? எட்டயபுரத்தில் தமிழ்நாட்டு அரசு புலவருக்கு எழுப்பிய மணிமண்டபம் நெடுங்காலம் கழித்து வந்த மரியாதையன்றோ! எகிப்தில் 1924 இல் வெளிவந்த குர்ஆனின் காஹிராப் பதிப்புக்கும் அறிஞரின் உழைப்பே அடிப்படை. பள்ளிக்கூடங்களில் வழங்கிய அச்சுக் குர்ஆன் பிரதிகளில் பிழைகள் காணப்பட்டமையால், அந்நாட்டில் குர்ஆன் ஓதும் காரிகளின் தலைவர் முஹம்மது இப்னு அலீ அல் ஹுஸைனி அல் ஹத்தாதும் அவரோடு கூடிய அறிஞரும் எழுத்தையும் ஹரகத்துக்களையும் ஹஃப்ஸ் ஓதல் முறைக்கு இணங்கச் சிரத்தையோடு நிறுவினர். அதன் பின்னரே ஃபுஆத் மன்னரின் பெயரால் அப்பதிப்பு உலகெங்கும் செல்வாக்குப் பெற்றது.

நம் இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு 1885 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உண்டாயிற்று. அக்கரையான தமிழகத்தில் அச்சாகி, வணிகர் மூட்டையிலோ ஆலிம்களின் பெட்டியிலோ இக்கரை வந்த ஒரு நூலுக்கு அத்தகைய பதிவு இங்கே இராது. அந்நூலின் உடம்பே அதன் சாட்சிப் பத்திரம். எனவே, ஓரங்கள் ஒழுங்காக இருக்கவேண்டுமென்று கட்டுக்கத்தியை ஓட்டிவிடாதே. பழைய கித்தாபுகளின் ஓரத்திலேதான் மையில் எழுதிய ஹிஜ்ரி ஆண்டும், இன்னாருடைய பிள்ளை ஓதி முடித்தது என்ற குறிப்பும், வக்ஃபு செய்தவர் பெயரும் இருக்கும். கால் அங்குலம் வெட்டினால் ஒரு குடும்பத்தின் சரித்திரம் குப்பையில் விழும். உப்புக் காற்றில் துருவேறிய கம்பியை மெல்லக் கழற்று. பிசின் நாடாவும் பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி ஒட்டுவதும் வேண்டாம். ஈரம் காட்டினால் பின்னொருவர் பிரித்தெடுக்கக்கூடிய மாப்பசையே போதும்.

2004 டிசம்பர் 26 அன்று மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை கடல் ஏறியபோது வீடுகளோடு அலுமாரிகளும் போயின. எஞ்சிய பழைய நூல்கள் என்னென்ன என்ற ஊர்வாரியான பட்டியலொன்று உன் கையில் இருந்தால், தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கோ முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்துக்கோ நீ எழுதும் விண்ணப்பம் உணர்ச்சியை நம்பாமல் பிரமாணத்தை நம்பிப் பேசும். முதற்பக்கம், பதிப்பித்தவர் பெயர், அச்சுக்கூடம், ஆண்டு, பக்கத் தொகை, சேதத்தின் விபரம் ஆகியவற்றை நூலுக்கு நூல் குறித்து வை. மூலப் பிரதியை எவரிடம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்காமல் கொடாதே.

விண்ணப்பத்துக்கு விடை வரும் காலம் உன் வசத்தில் இல்லை. விடை வரும் நாளில் சாட்சி சிதையாமல் இருப்பது உன் வசத்தில் இருக்கிறது. ஆகையால், அந்தப் பிரதியின் தையலைப் பிரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் தெரியப் படம் பிடித்துக்கொள்.