தேரை நடத்தும் கட்டை

நுழையும்முன்

தனக்கென எந்திரம் இல்லை. திசை திருப்பும் கருவியும் இல்லை. ஆயினும், ஏறத்தாழ 300 டன் எடையுள்ள ஊர்தி ஒன்று காவிரிப் படுகையில் வீதியுலா வருகின்றது. அதனை இயக்கும் நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

பெயரும் வடிவும்

திருவாரூர்த் தியாகராசர் கோவில் தேர், ஆழித்தேர் எனப்படும். ஆழி என்பதற்குச் சக்கரம், கடல் முதலிய பொருள்கள் உண்டு. அப்பர் தம் தேவாரத்தில் இத்தேரைக் குறிப்பிட்டுள்ளார்.

தேரின் அடிப்பகுதி, சிற்பங்கள் செறிந்த மரக்கட்டுமானம். உயரம் ஏறத்தாழ 30 அடி. பங்குனித் திருவிழாவின்போது அதன்மேல் மூங்கிலாலும் வண்ணத் துணிகளாலும் மேற்கட்டு அமைப்பர். அப்போது தேர் 96 அடி உயர்ந்து நிற்கும். கனமான மரம் கீழும் இலேசான மூங்கில் மேலும் அமைவதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது. தேர் சாயாமல் செல்கிறது.

முட்டுக்கட்டையின் பணி

முன்புறம் மக்கள் வடம் பிடித்து இழுப்பர். பின்புறம் புல்டோசர்கள் உந்தும். ஆனால், இழுப்பதனினும் அரிய செயல் நிறுத்துவதும் திருப்புவதும் ஆகும். நகரும் சக்கரத்தின்கீழ் ஆப்பு வடிவ மரக்கட்டையை உரிய நொடியில் இடுவர். நேராக இட்டால் சக்கரம் நிற்கும். சாய்வாக இட்டால் சிறிது சிறிதாக விலகித் திசை மாறும். இதுவே முட்டுக்கட்டை. உருளும் சக்கரத்தின் அருகில் நின்று இதனைச் செய்வோர்க்குக் கண்ணும் கையும் ஒருசேர இயங்க வேண்டும். வீதி முனைகளில் மசகு தடவிய இரும்புத் தகடுகளின்மேல் சக்கரங்களை வழுக்கச் செய்து தேரைத் திருப்புவர்.

பழமையும் புதுமையும்

பல்லாண்டுகள் ஓடாது நின்ற இத்தேர் 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் தடைக்கருவியும் பின்னர் இதில் இணைந்தன. எனினும், முட்டுக்கட்டை இடுவோரின் தேவை நீங்கவில்லை.

பாதுகாப்பு

2022 ஏப்ரல் 27 அன்று, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் சிறு தேர் ஒன்று உயரழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 பேர் உயிரிழந்தனர். தேரின் அளவு சிறிதாயினும் காவல் சிறிதாதல் கூடாது என்பதை அத்துயரம் உணர்த்தியது. வீதியின் அகலம், மின்கம்பியின் உயரம், மின் நிறுத்தம் ஆகியவற்றை முன்னரே உறுதிசெய்தல் வடம் பிடித்தலுக்கு முந்திய கடமையாகும்.

ஒரு செயலுக்குத் தடையாக நிற்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று பழிக்கிறோம். தேர்த்தொழிலிலோ, அக்கட்டையே ஊர்தியை வழிநடத்துகிறது, உயிர்களையும் காக்கிறது. விரைவு மட்டுமே ஆற்றலன்று. வேண்டுமிடத்தில் நிற்கத் தெரிதலும் ஆற்றலே.

கற்பவை கற்றபின்

1. 'முட்டுக்கட்டை' என்னும் சொல் தேர்த்தொழிலிலும் பேச்சு வழக்கிலும் பெறும் பொருள்களை ஒப்பிடுக.
2. உங்கள் ஊர்த் தேரின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. தேரோட்டத்திற்கான பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை எழுதுக.