பலகை ஏறும் பிள்ளைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 பாஃப்டா திரைப்பட விருதுகளில், பிரிட்டிஷ் குறும்படப் பிரிவின் இறுதிப் பட்டியலில் ஐந்து படங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமிகளைப் பற்றியவை. விருதை வென்றது காபூல் சிறுமிகளின் கதை. மற்றொன்றின் நாயகி மாமல்லபுரத்துக் கமலி.

அப்படியிருந்தும், ஒரு பிள்ளை ஸ்கேட்போர்டு வேண்டும் என்று கேட்டால் பல வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் வருகின்றன. “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?” என்பது ஒன்று. “கை காலை உடைச்சுக்கவா?” என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஸ்கேட்போர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோவில். அங்கே பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வென்ற பிரேசிலின் ராய்சா லியலுக்கும் வயது 13. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015-இல் உருவான ஸ்கேட் பார்க்கிலோ இரண்டு விதிகளை வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை கிடையாது; பெண் பிள்ளைகளுக்கே முதல் வாய்ப்பு.

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேட்போர்டு என்றதும் பெற்றோர் கண்ணில் தெரிவது கைப்பிடிச் சுவர்மேல் பாயும் வித்தைக்காரர்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. காயம்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பலகையில் ஏறி ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். விழுந்து அடிபட்டதில் பாதிக்கு மேல் தரையின் மேடுபள்ளத்தால் வந்தது. அதாவது ஆபத்து அதிகம் இருப்பது வித்தையில் இல்லை. முதல் சில நாட்களிலும், தெருவில் கிடக்கும் ஒற்றை ஜல்லிக்கல்லிலும்தான். குடும்பத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டுவதற்கு முன் தரையைப் பெருக்கிவிடுவது, வண்டி வராத இடத்தைத் தேடித் தருவது, முதல் வாரம் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்திலேயே நிற்பது. இவற்றைச் செய்ய எந்தப் பெற்றோருக்கும் ஸ்கேட்போர்டு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆர்வம் மிகுந்த பெற்றோரிடம் நேரெதிரான நம்பிக்கை ஒன்று உலவுகிறது. சாம்பியன்கள் எல்லாம் பால்பல் விழுவதற்கு முன்பே பலகை ஏறியவர்கள், ஆகவே மூன்று வயதிலேயே ஏற்றிவிட வேண்டும் என்பது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் இதை ஏற்பதில்லை. ஐந்து வயதுக்குக் கீழே ஸ்கேட்போர்டே வேண்டாம், பத்து வயது வரை பெரியவர்களின் நெருங்கிய கண்காணிப்பு இல்லாமல் கூடாது என்கிறது அதன் வழிகாட்டுதல். காரணம் எளிது. சின்னக் குழந்தைக்கு உடலின் அளவோடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். அதனால் நிலை சட்டென்று தடுமாறும். விழும்போது உடலை வளைத்துக் காத்துக்கொள்ளும் வேகம் தசைகளுக்கு இன்னும் வந்திருக்காது. எதிரே வரும் சைக்கிள் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்கவும் தெரியாது.

“ஹெல்மெட் போட்டாச்சு, போதும்” என்பதும் பாதி உண்மைதான். பிரிட்டனுக்காக ஆடும் ஸ்கை பிரவுன் 2020-இல் பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 11. மண்டை ஓட்டில் விரிசல், இடது மணிக்கட்டும் கையும் முறிவு. ஹெல்மெட் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் நிலை. அடுத்த ஆண்டு டோக்கியோவில் வெண்கலம் வென்றார். 2024-இல் பாரிஸிலும் வெண்கலம். உயிரை ஹெல்மெட் காத்தது, கையைக் காக்கவில்லை. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித இயல்பு. பலகை ஏறுபவர்களுக்கு மணிக்கட்டு முறிவது அதனால்தான் அடிக்கடி நேர்கிறது. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் மூன்றுக்கும் கவசம் வேண்டும்.

ஹெல்மெட்டிலும் கவனம் தேவை. சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை பெரும்பாலும் ஒரே ஒரு பலத்த அடியைத் தாங்கி நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. ஸ்கேட்போர்டு ஹெல்மெட் பின்மண்டை வரை இறங்கி மூடும். பலகை முன்னால் நழுவினால் பிள்ளை மல்லாக்க விழும் என்பதை நினைத்தால் இந்த வடிவத்தின் அவசியம் புரியும். வீட்டில் கிடக்கும் கிரிக்கெட் ஹெல்மெட் பந்துக்காகச் செய்தது, சிமென்ட் தரைக்காக அல்ல.

கையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினால் விழாமல் பழகலாம் என்று நினைக்கும் அப்பாக்கள் நிறைய. முதல் நாளுக்கு அது சரி. அதிலும் பெரியவர் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்காமல், பிள்ளை பெரியவரின் கையைப் பற்றிக்கொள்ள விடுவது நல்லது. மேலிருந்து பிடித்து இழுத்தால் உடல் நிமிர்ந்து எடை பின்பக்கம் போகும். பலகை முன்னால் பாய்ந்துவிடும். முதலில் புல்தரையில் பலகையை வைத்து, முழங்காலை மடக்கி நிற்கப் பழக்கலாம். அங்கே சக்கரம் உருளாது. பிறகு கவசம் மாட்டிய முழங்காலில் சரிந்து விழப் பழக்க வேண்டும். விழுவதைச் சொல்லிக்கொடுப்பது பல அம்மாக்களுக்கு அபசகுனமாகத் தோன்றலாம், ஆனால் நல்ல பயிற்சியாளர்கள் முதலிலேயே சொல்லித்தருவது அதைத்தான்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் மலிவான பலகையும் ஒரு கண்ணி. கெட்டியான பிளாஸ்டிக் சக்கரம் சின்னக் கல்லில் பட்டாலே நின்றுவிடும், பிள்ளை மட்டும் நிற்காது. யூரித்தேன் சக்கரம், அதிலும் சற்று மென்மையானது, அதே கல்லின்மேல் ஏறிப் போய்விடும். 1970-களில் இந்த விளையாட்டு மறுபடி பரவியதற்கே அந்தச் சக்கரம்தான் பெரிய காரணம்.

குடும்ப ஆதரவு என்றால் எவ்வளவு? ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக்குக்கு ஒன்பது வயதில் முதல் பலகையைக் கொடுத்தது அண்ணன், அதுவும் தான் ஓட்டிப் பழசானதை. அப்பா ஃபிராங்க் சறுக்குமேடை கட்டிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் போட்டிகளே இல்லை என்று கண்டு, 1980-களில் தேசிய ஸ்கேட்போர்டு சங்கத்தையே தொடங்கினார். இது அபூர்வம். போட்டியை நடத்துபவர் அப்பா என்பதால் சக ஆட்டக்காரர்களிடம் டோனி பேச்சு வாங்கவும் நேர்ந்தது. கமலியின் அம்மா அப்படி எதையும் கட்டவில்லை. மாமல்லபுரத்தில் சிறு வியாபாரம் செய்து தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர், ஊர்ப் பேச்சைத் தாண்டி மகளை ஓட்ட விட்டார். அந்தச் சிறுமி வெறுங்காலோடு சறுக்கும் படத்தை உலகமெங்கும் கொண்டுபோனவர்களில் டோனி ஹாக்கும் ஒருவர்.

மீதியிருப்பது, “எட்டு வயசாச்சு, இனிமே எங்கே?” என்கிற கவலை. இந்த விளையாட்டில் வயதுக்கு ஒற்றை அளவுகோல் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் பார்க் பிரிவில் சீனாவின் ஜெங் ஹாவ்ஹாவ் 11 வயதில் இறங்கினார். ஆண்கள் பார்க் பிரிவில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது 51.