பட்டியலில் இல்லாத பெயர்

கனடா நாட்டில் மாரிக்காலம் நெடியது. ஏரியும் குளமும் உறைந்து பாறையெனக் கிடக்கும். அவ்வுறைபனியின்மேல், அடியில் எஃகு அலகு பொருத்திய காலணிகளை அணிந்து சறுக்கி விளையாடும் விளையாட்டே பனி ஹாக்கி எனப்படுவது. இக்காலத்தே பேரணிகள் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் அரங்கினுள் செயற்கையாக உறையச் செய்த தளத்திலேயே நிகழ்கின்றன. அத்தளத்தின் நீளம் 200 அடி. அகலம் 85 அடி. ஓர் அணிக்குக் கோல் காப்பாளர் உள்ளிட்ட அறுவர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பர். பந்துக்கு மாறாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உடைய கெட்டி ரப்பர் வட்டு ஒன்றினை வளைந்த மட்டையால் அடித்து எதிரணியின் வலையுள் செலுத்துதல் வேண்டும். வலிய ஆட்டக்காரர் அடித்த வட்டு மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிலும் பாய்வதுண்டு.

அவ்வறுவருள் இருவர் தடுப்பாட்டக்காரர் ஆவர். அவர்தம் கடமை எதிரணியார் வலையை அணுகாவண்ணம் காத்தலாகும். அடித்த கோலை உலகம் எண்ணும். அடிக்க விடாமல் தடுத்த கோலை எண்ணுவார் யார்? எதிரி எவ்வழியே வருவான் என்று முன்னரே உணர்ந்து, அவ்வழியில் ஓரடி முன்பாகவே சென்று நிற்கும் தடுப்பாட்டக்காரனிடத்தில் காண்பார் வியக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் தோன்றாது. தீங்கு நேராமையே அவனது திறத்துக்குச் சான்று. ஆதலால், இளமையில் அவனது தகுதியை அளந்தறிதல் அரிதினும் அரிதாகின்றது.

இனி, இவ்விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராவது எவ்வாறு என்பதைக் காண்போம். வட அமெரிக்காவின் தலைசிறந்த அணிகள் எல்லாம் தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பில் அடங்கும். ஆண்டுதோறும் அவ்வமைப்பு ஆட்டக்காரர் தேர்வு ஒன்றை நடத்துகின்றது. முதல் தேர்வு 1963-ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில் நடந்தது. ஏறத்தாழப் பதினெட்டு வயது நிரம்பிய இளைஞரை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் கூறி எடுத்துக்கொள்ளும். நலிந்த அணிகள் முன்னும் வலிய அணிகள் பின்னுமாகத் தேர்தல் பொதுவழக்கு. இஃது ஏலம் அன்று. விலை கூறுதல் இல்லை. ஓர் அணி ஓர் இளைஞனின் பெயரைக் கூறிவிட்டால், அந்த லீகில் அவனோடு ஒப்பந்தம் செய்யும் உரிமை குறித்த காலம் வரை அவ்வணிக்கே உரியதாகும். பெயர் கூறப்படாதவன் எவ்வணிக்கும் உரியன் அல்லன். அவனை எவ்வணியும் அழைக்கலாம். எவ்வணியும் அழையாமலும் விடலாம்.

2002-ஆம் ஆண்டின் தேர்வு டொராண்டோ நகரில் நடைபெற்றது. ஒன்பது சுற்றுகளில் ஏறத்தாழ 290 பெயர்கள் அழைக்கப்பட்டன. அந்நகரிலேயே 1983 அக்டோபர் 3-ஆம் நாள் பிறந்து, அங்கேயே வளர்ந்த மார்க் ஜோர்டானோ என்னும் தடுப்பாட்டக்காரருக்குத் தேர்வுக்குரிய வயது வந்த முதல் ஆண்டு அதுவே. அவர் பெயர் அழைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டின் தேர்விலும் ஏறத்தாழ அத்துணைப் பெயர்கள் அழைக்கப்பட்டன. அவற்றுள்ளும் அவர் பெயர் இல்லை.

தேர்வாளரைக் குறை கூறுதல் நமக்கு எளிது. ஆயினும் அவர் நிலையில் நின்று பார்த்தல் வேண்டும். முன்னின்று ஆடுவோன் பதினெட்டு வயதிலேயே கோல்களைக் குவித்துக் காட்டிவிடுவான்; ஏடு அதற்குச் சான்று பகரும். தடுப்பாட்டக்காரனுக்கு வேண்டுவனவோ உடல் வலிமை, பின்னோக்கிச் சறுக்கும் ஆற்றல், எப்போது முன்னேறுவது எப்போது நிலைத்து நிற்பது என்னும் தெளிவு ஆகியன. இவற்றுள் இறுதியிற் கூறியது பல ஆட்டங்களில் பட்டறிந்தே வருவது. நெல் விளைந்ததை வயலிற் கண்டு கூறலாம். கிழங்கு முதிர்ந்ததை அகழாமல் எவ்வாறு கூறுவது?

2002-ஆம் ஆண்டு முதல் 2004-ஆம் ஆண்டு வரை ஜோர்டானோ ஓவன் சவுண்டு என்னும் சிற்றூரின் இளைஞர் அணியில் ஆடினார். ஒண்டாரியோ மாநிலத்தில் ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் உள்ள ஊர் அது. இளைஞர் ஆட்டத்திற்குரிய வயது அத்துடன் முடிவுற்றது. ஒப்பந்தம் ஏதும் கையில் இல்லை. டொராண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயிலலாம் என்று அவர் எண்ணியிருந்தார். அந்நிலையில், நாட்டின் மேற்கே ஆல்பெர்ட்டா மாநிலத்திலுள்ள கால்கரி நகரின் ஃபிளேம்ஸ் என்னும் அணி, தன் கோடைப் பயிற்சி முகாமுக்கு வருமாறு அவரை அழைத்தது. அழைப்பு என்பது பணி அன்று. சில நாள் வந்து ஆடிக் காட்டுக என்பதே அதன் பொருள். அவர் சென்றார், ஆடினார். 2004 ஜூலைத் திங்களில் அவ்வணி அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

இங்கே ஒன்றை நாம் உணர்தல் வேண்டும். தேர்வின் முதற் சுற்றில் எடுக்கப்பட்ட இளைஞன் பிழை செய்வானாயின், அவனை எடுத்தவரே அப்பிழைக்கு ஏது கூறி அவனைக் காப்பர். அவன் தோற்றால் தம் மதிப்பும் குறையும் அன்றோ? தேர்வில் இடம்பெறாது வந்தவனுக்காக வழக்குரைப்பார் இலர். அவனை நீக்கினால் எவருக்கும் இழுக்கில்லை. ஆகவே இருவரும் ஒரே களத்தில் நின்றாலும், இருவர் காலடியிலும் உள்ள பனியின் தடிப்பு ஒன்றன்று.

பேரணிகள் ஒவ்வொன்றும் தன் இளைஞரைப் பழக்குதற்கு அமெரிக்க ஹாக்கி லீக் என்னும் இரண்டாம் நிலை அமைப்பில் ஒரு துணையணியைச் சார்ந்திருக்கும். ஜோர்டானோ முதலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகருக்கு அனுப்பப்பட்டார். 2004-05-ஆம் பருவத்தில், அணி உரிமையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே எழுந்த ஊதியப் பிணக்கினால் தேசிய லீகின் ஆட்டங்கள் முற்றும் நிறுத்தப்பட்டன. அதனால் மேல்நிலைக்குரிய இளைஞர் பலரும் கீழ்நிலை அணிகளிலேயே ஆடினர். புதிதாய் வந்தவருக்கு இடம் சுருங்கியது. எனினும் எதிர்நின்றோர் வலியராயிருந்தமையின் பயிற்சி மிகுந்தது.

அடுத்த பருவத்தில் அவர் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரின் அணிக்குச் சென்றார். அவ்வணியின் பெயர் வேடிக்கையானது. ஆங்கிலத்தில் 'நெப்ராஸ்கா' என்னும் சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதல்வரை மாற்றி எழுதி 'அக்-சர்-பென்' என்று வைத்திருந்தனர். நம் சித்திரகவிப் புலவர் கண்டிருப்பின் புன்முறுவல் பூத்திருப்பர். அங்கே 73 ஆட்டங்களில் 58 புள்ளிகளை அவர் ஈட்டினார். கோல் அடித்தவனுக்கு ஒரு புள்ளியும், அதற்கு வட்டினை அளித்து உதவியவனுக்கு ஒரு புள்ளியும் கணக்கிடுதல் இவ்விளையாட்டின் மரபு. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு 58 என்பது மிகுதியே. அப்பருவத்திலேயே, 2006 ஜனவரியில், தேசிய லீகில் முதன்முறையாகக் களம் புகுந்தார். அவ்வாண்டு அக்டோபரில், தாம் பிறந்த டொராண்டோவிலேயே, அந்நகர் அணிக்கு எதிராக அவ்வரங்கில் தம் முதல் இரு கோல்களையும் ஒரே ஆட்டத்தில் அடித்தார்.

ஏணியில் ஏறிவிட்டார் என்று எண்ணுதற்கு இடமுண்டு. ஆயின் 2007-ஆம் ஆண்டின் கோடையில் ஒப்பந்தம் முடிந்தபோது பிணக்கு நேர்ந்தது. இவ்விளையாட்டில் ஒப்பந்தங்கள் இருவகைப்படும். ஒருவகையில், மேலணியில் ஆடும் நாளுக்கு ஓர் ஊதியமும், கீழணிக்கு அனுப்பப்பட்ட நாளுக்கு அதனினும் மிகக் குறைந்த ஊதியமும் தரப்படும். மற்றொரு வகையில், எங்கே ஆடினும் ஊதியம் ஒன்றே. இரண்டாம் வகையில் பணம் மட்டுமன்று, உறுதியும் உண்டு. ஒரே ஊதியம் தரவேண்டிய ஒருவரைக் கீழே அனுப்ப அணியார் எளிதில் துணியார். ஜோர்டானோ வேண்டியது அவ்வுறுதியையே. கால்கரி அணியாருடன் உடன்பாடு ஏற்படவில்லை.

அப்போது அவருக்கு அகவை இருபத்து மூன்று. கொடுத்ததை ஏற்றுக் காத்திருப்பதா? பெற்ற இடத்தை விட்டு நீங்குவதா? நீங்கினால் மீண்டும் அழைப்பார் என்பதற்கு ஈடு யாது? தேர்வில் இடம்பெறாமல் வந்தவருக்கு இவ்வினா இருமடங்கு கடியது. அவர் நீங்கவே துணிந்தார்; ருசிய நாட்டின் தலைநகர் மாஸ்கோவிலுள்ள டைனமோ அணியில் சேர்ந்தார். மொழி வேறு, ஆட்டமும் வேறு. அங்குள்ள தளம் வட அமெரிக்கத் தளத்தினும் பத்தடிக்கு மேல் அகன்றது. அகன்ற தளத்தில், உடலால் மோதி எதிரியை மடக்கும் வாய்ப்புக் குறையும். எங்கே நிற்பது என்னும் தெளிவே மிகுதியும் வேண்டப்படும். தடுப்பாட்டக்காரருக்கு அஃது ஒரு பள்ளி என்றே கூறலாம். அவ்வாண்டு இறுதியில் சுவிட்சர்லாந்தின் டாவோசு நகரில் நடந்த ஸ்பெங்லர் கோப்பைப் போட்டியில் கனடா அணிக்காக ஆடி, வெற்றியிலும் பங்கு பெற்றார்.

2008 ஜூலையில் கால்கரி அணி அவரை மீண்டும் அழைத்து மூன்றாண்டு ஒப்பந்தம் தந்தது. துணிவு வீண் போகவில்லை என்று நாம் இன்று எளிதாகக் கூறிவிடுகிறோம். அன்று ஓராண்டு முழுவதும் அவர் அதனை அறியாமலே மாஸ்கோவில் ஆடினார் என்பதை மறத்தலாகாது.

மீண்ட பின்னரும் வழி செம்மையாய் இருக்கவில்லை. முதற் பருவத்திலேயே தோளில் பட்ட காயத்தால் எஞ்சிய ஆட்டங்களை இழந்தார். அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களிலும், ஒன்றும் தவறாது, ஆடினார். 2013-ஆம் ஆண்டில், அவ்வணியின் நெடுநாள் தலைவரான ஜரோம் இகின்லா வேற்றணிக்குச் சென்றபின், தலைமைப் பொறுப்பு ஜோர்டானோவுக்கு வந்தது. 2015 பிப்ரவரியில், லீகின் தலையாய தடுப்பாட்டக்காரருள் ஒருவர் என்று பலரும் பேசிய வேளையில், புயத்தின் தசைநாண் அறுந்தது. அவரது பருவம் அத்துடன் முடிந்தது.

தடுப்பாட்டக்காரருக்கு அந்த லீக் வழங்கும் உயரிய விருது ஜேம்ஸ் நாரிஸ் நினைவுக் கோப்பை. 1954 முதல் அஃது வழங்கப்படுகின்றது. 2018-19-ஆம் பருவத்தில் ஜோர்டானோ 78 ஆட்டங்களில் 17 கோல்கள் அடித்து, 57 கோல்களுக்கு உதவி, 74 புள்ளிகள் பெற்றார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தைந்து. ஓட்டம் தளரும் வயதென்று உலகம் கருதுவது அது. அவரோடு இறுதி மூவருள் நின்றோர் பிரெண்ட் பர்ன்சும் விக்டர் ஹெட்மனும் ஆவர். இருவரும் முன்னமே அக்கோப்பையை வென்றவர்கள். ஹெட்மன் 2009-ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாவதாக அழைக்கப்பட்டவர். பர்ன்சு அழைக்கப்பட்டதோ 2003-ஆம் ஆண்டில், இருபதாவதாக. ஜோர்டானோவை எவரும் கேளாது விட்ட அதே தேர்வில். வாக்களித்தோர் ஜோர்டானோவைத் தேர்ந்தனர். கால்கரி அணியில் ஆடி அக்கோப்பையை வென்ற முதல்வர் அவரே.

2021-ஆம் ஆண்டில் லீகில் சியாட்டில் நகரின் கிராக்கன் என்னும் புதிய அணி சேர்ந்தது. புதிய அணிக்கு ஆள் வேண்டும் அன்றோ? ஏனைய அணிகள் தம்மிடம் இருத்திக்கொள்ள விரும்பும் ஒரு சிலரை மட்டும் குறிப்பிட்டு, எஞ்சியோரிலிருந்து ஒருவரை விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்று விதி வகுத்தனர். கால்கரி அணி காத்துக்கொண்ட தடுப்பாட்டக்காரர் மூவர். முப்பத்தேழு வயதுடைய அணித்தலைவர் அம்மூவருள் ஒருவர் அல்லர். பதினைந்தாண்டுக்கு முன் அவர் களம் புகுந்த அணியே இவ்வாறு செய்ததைச் சிலர் நன்றியின்மை என்றனர். நான் அவ்வாறு கூறேன். எண்ணிக்கைக்கு உட்பட்ட தொழிலில் இளையோரை இருத்திக்கொள்ளுதல் இயல்பே. ஜூலை 21-ஆம் நாள் சியாட்டில் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பதினெட்டு வயதில் கேட்கப்படாத பெயர் முப்பத்தேழாம் வயதில் தேர்வு மேடையில் அழைக்கப்பட்டது. அப்புதிய அணியின் முதல் தலைவராகவும் அவரையே அமர்த்தினர்.

2022 மார்ச்சில் அவர் டொராண்டோ அணிக்கு மாற்றப்பட்டார். பிறந்த ஊருக்கே மீண்டார். முன்னைய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 67 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் என்ற கணக்கில் ஊதியம் பெற்றவர், அங்கே ஆண்டுக்கு 8 இலட்சம் டாலருக்கு இரண்டாண்டு ஆட உடன்பட்டார்.

எதிரி அடிக்கும் வட்டு வலையை அடையாவண்ணம் தடுப்பாட்டக்காரர் தம் உடலையே குறுக்கே இடுவர். கணுக்காலிலும் விலாவிலும் விரலிலும் அடிபடும். எலும்பு முறிதலும் உண்டு. கோலும் புள்ளியும் மட்டுமே எழுதிய ஏடுகளில் இதற்கு நெடுநாள் இடமில்லை. ஜோர்டானோ முதன்முதல் களம் புகுந்த 2005-06-ஆம் பருவத்திலிருந்து வைக்கப்பட்டுள்ள கணக்கின்படி, அவ்வாறு தடுத்த அடிகளின் எண்ணிக்கையில் கிரிஸ் ரசல் என்பாரை 2023 மார்ச்சில் அவர் கடந்து முதலிடம் பெற்றார். அடுத்த பருவத்தில் மேலும் 46 ஆட்டங்கள் ஆடினார். தேசிய லீகில் அவர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 1,148. அக்கடைசிப் பருவத்தில் அந்த லீகில் ஆடியோர் எல்லாருள்ளும் அகவையால் மூத்தவர் அவரே.